சாகச நாயகன் என்றால் யார்? விழக்கூடியவர்களைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

இரவு நேரம். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சி. அதன் விளிம்பிலிருந்து சூப்பர்மேன் குதிக்கிறான். அடுத்து எங்கே போகிறான் என்றுதான் பார்ப்போம். விழுந்துவிடுவானோ என்று நினைக்க மாட்டோம். 1938இல் முதன்முதலாக வந்தபோது அவனுக்குப் பறக்கவே தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவான், அவ்வளவுதான். அப்போதும் அவன் எலும்பை முறித்துக்கொள்வான் என்று எந்த வாசகரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அதே விளிம்பில் மார்வல் காமிக்ஸ் நாயகன் மேட் முர்டாக் நிற்கிறான். அவனுக்குக் கண் தெரியாது. கையில் ஒரு தடி, அதில் ஒரு கயிறு. எதிர்க் கட்டடத்தின் கம்பியில் கயிறு மாட்டினால் பிழைப்பான். மாட்டாவிட்டால் கீழே தார்ச்சாலை. அவன் குதிக்கும்போது நம்முடைய வயிறும் ஒருமுறை சுருங்குகிறது.

அந்த வயிறு சுருங்கும் இடத்தில்தான் சாகச நாயகன் பிறக்கிறான். ஆங்கிலத்தில் இவனை ‘டேர்டெவில்’ என்பார்கள். பேயையே வம்புக்கு இழுப்பவன் என்று பொருள் கொள்ளலாம். பலம், ஆயுதம், முகமூடி எல்லாம் இவனுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கட்டாயம் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இவன் விழக்கூடியவனாக இருக்க வேண்டும். அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இவன் குதிக்க வேண்டும்.

நாவல், காமிக்ஸ், தொலைக்காட்சி, வீடியோ கேம் என்று இந்த நாயகன் எல்லா இடத்திலும் இருக்கிறான். ஆனால் ‘இவன் விழக்கூடும்’ என்று நம்மை நம்ப வைக்க ஒவ்வொன்றும் வேறு வேறு வழியைக் கையாள்கிறது. அந்த வழிகள் பிடிபட்டால், ஒரு சாகசக் கதை ஏன் நம்மை இழுத்துப் பிடிக்கிறது, இன்னொன்று ஏன் சப்பென்று போகிறது என்பது புரிந்துவிடும்.

கயிற்றில் நடந்தவர்கள்

கதைகளுக்கு வெளியே, உண்மையிலேயே இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 1859 ஜூன் 30 அன்று சார்லஸ் பிளான்டின் என்ற பிரெஞ்சுக்காரர் நயாகரா பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கயிற்றில் நடந்து மறுகரை சேர்ந்தார். 1901இல் ஆனி எட்சன் டெய்லர் ஒரு மரப் பீப்பாய்க்குள் உட்கார்ந்து அதே நயாகரா அருவியிலிருந்து விழுந்து உயிரோடு வெளியே வந்தார். அன்று அவருக்கு 63ஆவது பிறந்தநாள். இருபதாம் நூற்றாண்டில் ஈவல் கனீவல் மோட்டார் சைக்கிளில் வரிசை வரிசையாக நிறுத்திய வாகனங்களைத் தாண்டினார். பலமுறை விழுந்து எலும்புகளை உடைத்துக்கொண்டார்.

இவர்களுக்கும் கதை நாயகனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிளான்டின் கயிற்றில் ஏறியது கூட்டம் பார்ப்பதற்காக. கதை நாயகன் பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில், வேறு யாருக்காகவோ குதிக்கிறான். ‘சாகசம்’ என்ற சொல்லுக்கே இப்படி இரண்டு முகம் உண்டு. வடமொழியில் அது முன்பின் யோசிக்காத செயலையும் குறிக்கும். பழைய தரும நூல்களில் வன்முறையால் செய்யும் குற்றத்துக்குப் பெயரே அதுதான். நாம் இன்று அதைப் பாராட்டாகச் சொல்கிறோம். துணிச்சலுக்கும் விவரமில்லாத செயலுக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பது அந்தச் சொல்லுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நாவல்: நேரத்தை நிறுத்தி வைக்கும் கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவல்கள் பல பத்திரிகைகளில் தொடராக வந்தன. ‘தொடரும்’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் நாயகனை ஆபத்தில் விட்டுவிட்டுப் போனால்தான் அடுத்த இதழ் விற்கும். 1844இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த அலெக்சாந்தர் துமாவின் ‘மூன்று மஸ்கடியர்கள்’ தொடரைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்து இறங்கிய கையோடு இளைஞன் தார்த்தன்யான் மூன்று பேரோடு சண்டை வளர்த்துக்கொள்கிறான். ஒருவனின் தோளில் இடித்தான், ஒருவனின் அங்கியில் சிக்கினான், ஒருவனின் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து மாட்டிவிட்டான். பன்னிரண்டு மணிக்கு ஒரு வாள் சண்டை, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று. முதல் சண்டையிலேயே செத்துவிடுவோம் என்று அவனே எதிர்பார்க்கிறான். இருந்தும் நேரத்துக்குப் போய் நிற்கிறான். முதல் சந்திப்பிலேயே அவனை நமக்குப் பிடித்துப்போக இது போதும்.

நாவலின் உண்மையான பலம் எதில் இருக்கிறது என்று காட்ட நான் எப்போதும் எடுத்துச் சொல்வது தாமஸ் ஹார்டியின் ‘எ பேர் ஆஃப் ப்ளூ ஐஸ்’. 1872-73இல் தொடராக வந்தது. அதில் ஹென்றி நைட் என்பவன் கடலோரச் செங்குத்துப் பாறையில் சறுக்கி, கைப்பிடியில் தொங்குகிறான். முகத்துக்கு நேரே பாறையில் ஒரு புதைபடிவம்: பல கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ட்ரைலோபைட் என்ற உயிரினம். கல்லாகிப்போன அதன் கண்கள் அவனையே பார்க்கின்றன. சாகப்போகும் மனிதனும் என்றோ செத்த பிராணியும் நேருக்கு நேர். அவன் மனம் பூமியின் வயதையெல்லாம் அளந்துவிட்டுத் திரும்புகிறது. விரல்கள் நழுவ இன்னும் சில நிமிடம்தான். ஆனால் ஹார்டி அவசரப்படவில்லை. ஓர் இதழ் அந்தத் தொங்கலிலேயே முடிந்தது. ‘கிளிஃப்ஹேங்கர்’ என்ற சொல்லுக்கே இந்தக் காட்சிதான் மூலம் என்று சொல்பவர்கள் உண்டு. அவனைக் காப்பாற்றுவது யார் தெரியுமா? மேலே நிற்கும் எல்ஃப்ரிட் என்ற பெண். தன் உள்ளாடைகளைக் கிழித்து, கயிறாகத் திரித்து இறக்குகிறாள். அந்தக் காட்சியின் சாகச நாயகி அவள்தான்.

தமிழில் இந்த வகைக்கு வந்தியத்தேவனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1950இல் தொடராக ஆரம்பித்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதையில் பெரிய வீரர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நாம் பின்தொடர்வது இந்த அவசரக்காரனை. ஈழத்துக் கடற்கரையில் இளவரசர் கப்பலில் இருக்கிறார் என்று தவறாக நினைத்து, தானும் அதில் ஏறிவிடுகிறான். அவர் அங்கே இல்லை. புயல் வருகிறது, இடி விழுகிறது, பாய்மரம் பற்றி எரிகிறது. யாரைக் காப்பாற்றப் போனானோ அந்த அருள்மொழிவர்மரே கடலில் இறங்கி இவனைக் காப்பாற்ற வேண்டியதாகிறது. தப்புக் கணக்குப் போடுகிறவன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவன், ஆனாலும் பின்வாங்காதவன். எல்லாம் சரியாகச் செய்கிற நாயகன் மீது இவ்வளவு பாசம் வருமா?

நாவல் நம்மை நாயகனின் தலைக்குள்ளேயே உட்கார வைக்கிறது. அவன் கணக்கு, சந்தேகம், நடுக்கம் எல்லாம் நமக்குக் கேட்கின்றன. படத்தால் இதை அவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது.

காமிக்ஸ்: இடைவெளியில் தாவுவது வாசகர்

காமிக்ஸில் ஒரு கட்டத்தில் நாயகன் விளிம்பில் நிற்கிறான். அடுத்த கட்டத்தில் மறுபக்கம் இருக்கிறான். நடுவில் இருப்பது வெறும் வெள்ளை இடைவெளி. அந்தத் தாவலை நடத்திப் பார்ப்பது நம் மனம். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஆபத்தை வைத்துவிட்டால், பக்கத்தைப் புரட்டும் நம் விரலே கதையின் ஒரு பகுதியாகிவிடும். பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1929இல் டின்டினை ஆரம்பித்தபோது வாரத்துக்கு இரண்டு பக்கம்தான் வெளியாகும். அந்த இரண்டு பக்கத்தின் முடிவில் நிருபர் பையன் எதிலாவது மாட்டியிருப்பான். பின்னாளில் முழுப் புத்தகமாகப் படிக்கும்போதும் அந்தத் துடிப்பு போகவில்லை.

1936இல் லீ ஃபாக் உருவாக்கிய ஃபேண்டம் ஓர் அருமையான யோசனை. தந்தைக்குப் பின் மகன் என்று இருபத்தொரு தலைமுறையாக ஒரே உடையை அணிகிறார்கள். அதனால் எதிரிகளுக்கு அவன் நானூறு ஆண்டுகளாகச் சாகாதவன், நடமாடும் ஆவி. குண்டு பட்டால் செத்துப்போகும் சாதாரண மனிதன் என்பது கதையில் மிகச் சிலருக்கும் வாசகருக்கும் மட்டுமே தெரியும். கதைக்குள் இருப்பவர்கள் அவன் விழவே மாட்டான் என்று நம்புகிறார்கள்; நாம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். அதன் பிறகு வந்த பேட்மேன் (1939), இத்தாலியின் டெக்ஸ் வில்லர் (1948), பிரிட்டிஷ் நாளிதழில் தோன்றிய மாடஸ்டி பிளேஸ் (1963) ஆகியோரும் அமானுஷ்ய சக்தி எதுவும் இல்லாதவர்கள்தான்.

டேர்டெவில் என்ற பெயரையே வைத்துக்கொண்டவனுக்கு வருவோம். உண்மையில் அந்தப் பெயரில் இரண்டு பேர் உண்டு. முதலாமவன் 1940இல் வேறொரு நிறுவனத்தின் வெளியீட்டில் வந்த பார்ட் ஹில், பூமராங் வீசுபவன். 1941இல் இவன் ஹிட்லரோடு மோதும் ஓர் இதழே வந்தது. இன்று எல்லாருக்கும் தெரிந்தவன் இரண்டாமவன். 1964இல் ஸ்டான் லீ எழுத, பில் எவரெட் வரைய, மார்வல் வெளியிட்ட மேட் முர்டாக்.

அவன் கதை இதுதான். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் ஒரு குத்துச்சண்டை வீரரின் மகன். அப்பா அவனைச் சண்டை சச்சரவுக்குப் போகாமல் படிக்கச் சொல்கிறார். அதனால் மற்றப் பையன்கள் அவனைக் கேலியாக ‘டேர்டெவில்’ என்று கூப்பிடுகிறார்கள். ஒருநாள் லாரியில் அடிபட இருந்த ஒரு மனிதரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றும்போது, கதிரியக்கப் பொருள் பட்டுப் பார்வை போகிறது. மற்றப் புலன்கள் பல மடங்கு கூர்மையாகின்றன. பணத்துக்காகத் தோற்க மறுத்த அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். மகன் பகலில் வழக்கறிஞர், இரவில் முகமூடி. கேலிப் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொள்கிறான். முதலில் மஞ்சள் உடை. ஏழாவது இதழில்தான் வாலி வுட் வரைந்த சிவப்பு உடை வந்தது.

அவனுடைய இதழ்களில் ‘பயமற்ற மனிதன்’ என்று ஒரு பட்டம் போடுவார்கள். இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். பயமே இல்லாதவன் எப்படி விழக்கூடியவன் ஆவான்? ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்று வள்ளுவர் சொன்ன அந்தப் பேதைதானா இவன்? நல்ல எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டார்கள். 1979இல் ஓவியராக வந்து சேர்ந்து, 1981இல் கதையையும் எழுத ஆரம்பித்த ஃபிராங்க் மில்லர், டேர்டெவில் குதிப்பதற்கெல்லாம் விலை வைத்தார். அவன் காதலித்த எலெக்ட்ரா கொல்லப்படுகிறாள். 1986இல் மில்லர் எழுத, டேவிட் மாஸுக்கெல்லி வரைந்த ‘பார்ன் அகெய்ன்’ கதையில், முர்டாக்கின் உண்மை அடையாளம் அவன் எதிரியான குற்றக் கும்பல் தலைவன் கிங்பின்னுக்குத் தெரிந்துவிடுகிறது. தொழில் உரிமம், வங்கிக் கணக்கு, வீடு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுகின்றன. கடைசியில் ஒரு டாக்ஸிக்குள் வைத்து ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள். டாக்ஸி பிறகு கிடைக்கிறது; உடல் இல்லை. இழக்க ஒன்றுமே மிச்சமில்லாத ஒருவனைத் தானே உண்டாக்கிவிட்டோம் என்று அப்போதுதான் கிங்பின்னுக்கு உறைக்கிறது. ‘பயமற்ற மனிதன்’ என்ற பட்டத்துக்கு அந்தக் கதையில்தான் முழுப் பொருள் வந்தது என்பது என் கருத்து. அந்தப் பொருள் கொஞ்சம் பயங்கரமானதும்கூட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காமிக்ஸ் என்பது கண்ணால் படிக்கும் கலை. அதன் நாயகன் பார்வையற்றவன். அவன் உலகை எப்படி வரைவது? 2011இல் மார்க் வெய்ட் எழுதிய புதிய தொடரில் பாவ்லோ ரிவேராவும் மார்கோஸ் மார்ட்டினும் ஒலியையே உருவமாக்கினார்கள். சத்தங்கள் எழுத்துகளாகப் பொருள்கள் மீது படிகின்றன. கட்டடங்கள் ரேகைகளாகத் தெரிகின்றன. பக்கத்தைப் பார்க்கும்போது நமக்கும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது போல இருக்கும்.

தொலைக்காட்சி: களைத்துப்போகும் உடம்பு

தொலைக்காட்சிக்கு ஒரு சங்கடம் உண்டு. நாயகன் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பது பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். 1966இல் வந்த பேட்மேன் தொடர் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு இரண்டு பகுதி. முதல் நாள் நாயகனை ஏதாவது பொறியில் மாட்டிவிட்டு, மறுநாள் விடுவிப்பார்கள். 1985இல் ஆரம்பித்த மெக்கைவர் வேறு வழியில் போனது. அவன் துப்பாக்கி தொட மாட்டான். கையில் மடக்குக் கத்தியும் கிடைத்த சாமானும்தான். உயரத்தைக் கண்டால் அவனுக்கு நடுக்கம். சாகச நாயகனுக்கு உயரப் பயம்! ஒவ்வொரு முறை அவன் ஏறும்போதும் ஏறுவதே ஒரு கதையாகிவிடுகிறது.

2015இல் வந்த டேர்டெவில் தொடரின் இரண்டாம் பகுதியில் ஒரு தாழ்வாரக் காட்சி இருக்கிறது. கடத்தப்பட்ட ஒரு சிறுவனைத் தேடி முர்டாக் போகிறான். ஏற்கெனவே குப்பைத் தொட்டியில் கிடந்து, ஒரு செவிலியர் தைத்துவிட்ட காயங்களோடுதான் போகிறான். குறுகலான நீண்ட தாழ்வாரம், இரு பக்கமும் அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஆட்கள். கேமரா வெட்டாமல் ஒரே ஷாட் போல நகர்கிறது. அடிக்கிறான், சுவரில் சாய்கிறான், மூச்சு வாங்குகிறான். விழுந்தவர்கள் மறுபடி எழுந்து வருகிறார்கள். அவன் குத்து ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெதுவாகிறது. வெட்டு விழாததால் அந்தக் களைப்பிலிருந்து நமக்கும் தப்பிக்க வழியில்லை. கடைசியில் சிறுவனைத் தூக்கிக்கொண்டு அதே தாழ்வாரத்தில் திரும்பி நடக்கிறான். சார்லி காக்ஸின் நடிப்போடு, சண்டைக் காட்சியை அமைத்த பிலிப் சில்வேராவுக்கும், டூப்பாக நின்ற கிறிஸ் புரூஸ்டருக்கும் அந்தக் காட்சியில் பெரும் பங்கு உண்டு. திரையில் ஒரு நாயகன் விழும்போது, எங்கோ ஒரு டூப் உண்மையிலேயே விழுகிறார். 1981இல் வந்த ‘தி ஃபால் கை’ தொடர் அப்படிப்பட்ட ஒரு ஸ்டண்ட் கலைஞனையே நாயகனாக்கியது.

வீடியோ கேம்: விழுவது நீங்களே

நாவலில் ஒருவன் விழுவானோ என்று கவலைப்படுகிறோம். கேமில் நாமே விழுகிறோம், அதுவும் திரும்பத் திரும்ப. 1982இல் டேவிட் கிரேன் உருவாக்கிய ‘பிட்ஃபால்!’ விளையாட்டில் மூன்று உயிர், இருபது நிமிடம். முதலைகள் வாயை மூடும் நொடியில் அவற்றின் தலை மீது கால் வைத்துத் தாண்ட வேண்டும். நேரம் தவறினால் ஓர் உயிர் போகும்.

1989இல் ஜோர்டன் மெக்னர் செய்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இதைக் கலையாக மாற்றியது. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அசைவுகளை ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து வரைந்தார். அதனால் அந்தச் சின்ன உருவத்துக்கு உண்மையான எடை வந்தது. அவன் விளிம்பை விரல்களால் பற்றித் தொங்கும்போது அந்த எடை நம் கையில் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிய வேண்டும்; அந்தக் கடிகாரம் உண்மையாகவே ஓடும். 2005இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ பிடியையே ஒரு வட்டமாகக் காட்டியது. மலை போன்ற உருவத்தின் ரோமத்தைப் பற்றி ஏறும்போது அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். நாயகனின் விரல் வலியை நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

ஆனால் செத்த பிறகு மறுபடி ஆட முடியும் என்றால் ஆபத்து எங்கே இருக்கிறது? 2003இல் அதே ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ வரிசையில் வந்த ‘தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ இதற்கு ஓர் அழகான பதில் வைத்திருந்தது. இளவரசன் தன் கதையை ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் தவறி விழுந்து செத்தால், இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று அவனே திருத்திக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பான். அன்சார்ட்டட் கேம்களில் நாயகன் நேதன் டிரேக் மீது குண்டு பாயும்போது திரை சிவப்பாகும். அது காயம் அல்ல, அவனுடைய அதிர்ஷ்டம் தீர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் என்று உருவாக்கியவர்களே பின்னாளில் விளக்கினார்கள். கடைசியாகப் படும் ஒரே குண்டுதான் உண்மையான குண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு விளையாடினால், மொத்தச் சண்டையும் வேறு மாதிரி தெரியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

காமிக்ஸ் பழக்கமில்லாதவர்கள் மார்க் வெய்ட்டின் 2011 தொடரிலிருந்து ஆரம்பிக்கலாம். முன்கதை தெரிய வேண்டியதில்லை. ‘பார்ன் அகெய்ன்’ அப்புறம் படியுங்கள், முர்டாக் மீது பிரியம் வந்த பிறகு படித்தால்தான் அது வலிக்கும். பார்க்க விரும்புபவர்களுக்கு 2015 தொடரின் முதல் இரண்டு பகுதிகள் போதும்.

விளையாட விரும்பினால் பழைய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வையே தேடிப் பிடியுங்கள். அதில் ஓடுவதற்கும் தாவுவதற்கும் பொத்தான்கள் இருப்பது போல, கவனமாக ஓர் அடி மட்டும் எடுத்து வைக்கவும் ஒன்று உண்டு. பள்ளத்தின் அருகே அதை அழுத்திப் பாருங்கள். இளவரசன் ஒரு காலை நீட்டுவான், கீழே ஒன்றும் இல்லை என்று உணர்வான், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விளிம்பிலேயே நிற்பான். பிறகுதான் நீங்கள் அவனைத் தாவச் சொல்ல வேண்டும்.